தங்கவயலுக்குப் புத்தரைக் கொண்டுவந்த பண்டிதர்

மாரிகுப்பத்தில் விடியற்காலையில் புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் வந்து சேருகிறது. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் தமிழர்களில் பெரும் பகுதியினருக்குப் பிழைப்பு இந்த வண்டியில்தான் ஓடுகிறது. இடம் பிடிக்கும் அவசரத்தில் ஏறி இறங்கும் அந்த மக்களில் பலருடைய பாட்டனும் பூட்டனும் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்கள்.

அந்தப் பூட்டன்மார் வாரத்துக்கு ஒரு நாள் சென்னையிலிருந்து வரும் ஒரு சிறு பத்திரிகைக்காகக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பத்திரிகையின் பெயர் 'தமிழன்'. அதை நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். சுரங்கத் தொழிலாளிக்கு அவர் கூலி உயர்வு வாங்கித் தரவில்லை. சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்யச் சொல்லவும் இல்லை. அவர் கொடுத்தது ஒரு மதம். அந்த மதத்தின் வழியாக அவர்கள் தங்களையே வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பட்லர் வீட்டுப் பேரன்

பண்டிதர் 1845 மே 20-ல் பிறந்தார். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியே பிறந்த இடம் என்பது பெரும்பாலோர் கொள்கை. பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். அந்தப் பட்லர் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறளும் நாலடியாரும் அடங்கிய சுவடிகளைக் கந்தப்பன் தம் எஜமானரிடம் கொடுத்தார் என்றும், அவை அவர் மூலம் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரைக்குப் போய்ச் சேர்ந்தன என்றும் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். எல்லிஸ் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதிய அறிஞர்.

துரைக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்த கையில் வள்ளுவரின் ஓலையும் இருந்தது. ஊர் அவர்களைத் தீண்டத்தகாதவர் என்றது. வீட்டுப் பரண் வேறொன்றைச் சொல்லியது. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை இந்தக் கணக்கு எங்கோ தப்பாக இருக்கிறது என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

குடும்பம் நீலகிரிக்குப் போயிற்று. தமிழும் சித்த வைத்தியமும் அவருக்கு முறையாகக் கற்பித்தவர் அயோத்திதாசக் கவிராயர் என்ற ஆசிரியர். அந்த நன்றியில் காத்தவராயன் தம் பெயரை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரைத் தம் பெயராக ஏற்றார். சமஸ்கிருதமும் பாலியும் ஆங்கிலமும் கற்றார். வயிற்றுப்பாட்டுக்கு வைத்தியம். ஆயுள் முழுவதும் அதுதான் தொழில்.

வைத்தியத்தில் அவர் கெட்டிக்காரர் என்பதற்குச் சாட்சி சொல்ல ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். ராயப்பேட்டையில் பள்ளிச் சிறுவனாக இருந்த திரு.வி.க.வுக்குக் கைகால் முடங்கிப் படிப்பு நின்று போயிற்று. அவரை நடமாட வைத்தது அயோத்திதாசர் தந்த மருந்து. திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்பில் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார். பின்னாளில், 1918-ல், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது முன்னணியில் நின்ற கால்கள் அவை. நல்ல மருந்து யார் யாருக்கெல்லாம் பயன்பட்டது என்பதை வைத்தியரும் முன்கூட்டி அறிய முடியாது.

அத்வைதமும் கிணறும்

பண்டிதர் பிறவியிலேயே பௌத்தர் அல்லர். வாலிபத்தில் அவர் அத்வைதி. 1870-களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்று ஒன்றை நடத்தினார். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்ற தத்துவம், தாழ்த்தப்பட்ட ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுகிறவன் வாயை அந்தத் தத்துவத்தைக் கொண்டே அடைத்துவிடலாம் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அந்நாளில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களைப் பாருங்கள்: மாதவராம், பட்டாபிராமன், ஜானகிராமன், இராசாராம். பெருமாளை விட்டு விலகாத வீடு அது.

ஆனால் புத்தகத்தில் எல்லாம் ஒன்றாக இருந்ததே தவிர, ஊர்க் கிணற்றில் ஒன்றாக இல்லை. கோயில் வாசலிலும் இல்லை. கச்சேரியில் மனுக் கொடுக்கப் போனால் தாழ்வாரத்துக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும்.

பாதிரியார் ஜான் ரத்தினம் சென்னையில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி வந்தார். அவரோடு சேர்ந்து 1885-ல் 'திராவிட பாண்டியன்' என்ற பத்திரிகையில் பண்டிதர் ஈடுபட்டார். தம் மக்கள் இந்துக்கள் அல்லர், இந்த மண்ணின் ஆதித் தமிழர் என்ற கருத்து அவர் மனத்தில் உறுதிப்பட்டு வந்த காலம் அது. ஜாதி இல்லாத திராவிடர் என்று அவர்களைச் சொன்னார். சர்க்கார் எடுத்த ஜனத்தொகைக் கணக்கிலும் அப்படியே பதிய வேண்டும் என்றார். குமாஸ்தா வேலை பார்க்கிற எவருக்கும் இதன் அருமை தெரியும். பாரத்தில் ஒரு கட்டம். அதில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் பிறகு ஆள் என்றாகிவிடும். அந்தக் கட்டத்தை அடுத்தவன் நிரப்பக்கூடாது என்பதுதான் பண்டிதர் போட்ட சண்டை.

1891 டிசம்பர் 1-ல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. இழிபெயர் சொல்லி அழைப்பவருக்குத் தண்டனை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும், படித்தவருக்குத் தடையில்லாமல் உத்தியோகம், பொதுக் கிணற்றில் தண்ணீர், கச்சேரிகளில் நுழையவும் உட்காரவும் உரிமை, கிராம முன்சீபு போன்ற பதவிகள், சிறையில் மலம் அள்ளும் வேலையை ஒரு ஜாதியார் தலையில் கட்டும் விதிக்கு முடிவு. காங்கிரசுக்கும் முஸ்லிம் சங்கத்துக்கும் நகல் அனுப்பினார்கள். பயன் ஒன்றும் விளையவில்லை. ஆனால் இந்தப் பத்தில் எத்தனை பின்னால் சட்டமாகவே வந்தன என்று எண்ணிப் பார்த்தால், மலைமேல் கூடிய அந்தக் கூட்டம் சாமானியமானது அல்ல என்று தெரியும்.

அடுத்த ஆண்டு, 1892-ல், சென்னையில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். எல்லாருக்கும் பொதுவானவர் என்று சொல்லப்படும் சிவனையும் விஷ்ணுவையும் எங்கள் மக்களும் கோயிலுக்குள் வந்து தொழலாமா என்ற பொருளில் கேட்டார். சபையில் சலசலப்பு. தஞ்சையிலிருந்து வந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்துக்கு மாடனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கும்போது இந்தச் சாமிகள் எதற்கு என்கிற விதமாகப் பதில் சொன்னார். பண்டிதர் வாதாடவில்லை. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசப் படிப்பும், தரிசு நிலமும் கிடைக்கச் சபை சிபாரிசு செய்யட்டும் என்று கேட்டு அமர்ந்தார்.

பண்டிதரின் வாழ்க்கையில் இந்த இடம் திருப்பமானது. சாமியைக் கேட்டுப் போனவர் சிலேட்டையும் நிலத்தையும் கேட்டுத் திரும்பினார். அவமானத்துக்குப் பின் கோபப்பட்டுப் பக்தியையே விட்டவர் பலர் உண்டு. வேறு மதத்துக்குப் போனவர் அதைவிடப் பலர். பண்டிதருக்கு அந்த இரண்டும் போதவில்லை. கிறிஸ்தவத்துக்குப் போன தம் மக்களில் சிலரோடு ஜாதியும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதை அவர் கண்டிருந்தார். ஏற்கெனவே நம்முடையதாக இருந்து தொலைந்துபோன ஒன்று இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.

கொழும்பு யாத்திரை

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திய கர்னல் ஆல்காட் அமெரிக்கர். 1880-ல் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றவர். 1894-ல் அடையாற்றுப் பக்கம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1898-ல் பண்டிதர் தம் தோழர்களுடன் அவரை அணுகினார். தங்கள் முன்னோர் பௌத்தர்கள், அந்த மார்க்கத்துக்குத் திரும்ப உதவி வேண்டும் என்பது கோரிக்கை. இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலரும் பிக்கு ஒருவரும் வந்து ராயப்பேட்டையில் மக்களைச் சந்தித்தார்கள்.

அதே ஆண்டில் பண்டிதரும் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியும் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போனார்கள். மாளிகாகந்தையில் உள்ள வித்யோதயப் பிரிவேனாவில் சுமங்கல மகாநாயகர் அவர்களுக்குப் பஞ்சசீலம் கொடுத்தார். பண்டிதருக்கு வயது 53. பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்து உட்காரும் வயதில் அவர் புதிதாகப் புறப்பட்டார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ் வைத்தியர் கப்பலேறி இதைச் செய்துவிட்டார் என்பது இன்றைக்கும் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

மாற்றம் வீட்டுக்குள்ளும் வந்தது. ராமன் பெயர் தாங்கிய பிள்ளைகள் இருந்த வீட்டில், பெண் குழந்தைகளுக்கு அம்பிகாதேவி, மாயாதேவி என்று பெயர் அமைந்தது. மாயாதேவி புத்தரைப் பெற்ற தாய். உறவிலும் சிறு விரிசல் கண்டது. பண்டிதரின் மைத்துனர் ரெட்டமலை சீனிவாசன், அதே மக்களுக்காகப் போராடிய பெருந்தலைவர். மதம் மாறுவது தேவையில்லை, உரிமை கேட்பதே போதும் என்பது அவர் எண்ணம். இரண்டு பேரும் தத்தம் வழியிலேயே கடைசி வரை நடந்தார்கள்.

உலகமே வேறாகத் தெரிந்தது

பண்டிதரின் பௌத்தம் கண்ணை மூடி உட்காரும் பௌத்தம் அன்று. ஒருவன் மனத்தில் கொண்ட நம்பிக்கை அவன் பார்க்கும் ஒவ்வொரு பொருளிலும் எப்படிப் படியும் என்பதற்கு அவர் எழுத்தைப் போல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தீபாவளி வருகிறது. ஊர் நரகாசுரன் கதை சொல்லும். பண்டிதர் எள்ளைப் பற்றிச் சொல்லுவார். பழைய பௌத்த மடங்களில் இருந்தவர்கள் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்து, அதன் குணத்தைச் சோதித்து, மக்களைத் தேய்த்துக் குளிக்கச் செய்த நாள் அது என்பது அவர் விளக்கம். தீபவதி என்ற ஆற்றில் நீராடியதால் வந்த பெயர் என்பார். கார்த்திகை விளக்கு ஆமணக்கெண்ணெய் கண்ட நாள். போகி என்பது போதி என்ற சொல்லின் திரிபு, மார்கழிக் கடைசியில் புத்தர் நிருவாணம் எய்திய நினைவு நாள். நாடு இந்தியா என்று பெயர் பெற்றது ஐம்பொறிகளை வென்ற இந்திரராகிய புத்தரால். திருக்குறள் பௌத்தரின் திரிபிடகத்தைத் தழுவிய திரிக்குறள்.

இதெல்லாம் சரித்திரமா என்று கேட்டால், சரித்திரப் பேராசிரியர்கள் பெரும்பாலும் தலையை ஆட்ட மாட்டார்கள். சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லும் அவர் வழி பல இடங்களில் இழுபறியானது. எண்ணெய் கண்டுபிடித்த நாளுக்கு ஆதாரம் கேட்டால் கைவசம் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் செய்த வேலை எது என்று பார்த்தால் வேறு ஒன்று புலப்படும். அசுரனைக் கொன்ற கதையைக் கேட்டு, அந்த அசுரன் நம் முன்னோனோ என்று ஒடுங்கி நின்ற ஒருவனிடம், உன் முன்னோர் எண்ணெய் ஆட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று அவர் சொன்னார். பண்டிகையை விடு என்று சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளி, விளக்கு ஏற்று, ஆனால் பொருள் தெரிந்து செய் என்றார். கொலைக்குப் பதிலாக வைத்தியமும் தொழிலும் பண்டிகைக்குக் காரணமாயின. வைத்தியர் அல்லவா, எள்ளும் ஆமணக்கும் அவர் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

பிராமணர் என்ற சொல்லையும் அவர் சும்மா விடவில்லை. பௌத்த நெறியில் ஒழுக்கத்தால் உயர்ந்தவனே மெய்யான பிராமணன், பிறப்பைக் காட்டி அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டவர் வேஷ பிராமணர் என்று பிரித்தார். பௌத்தம் வீழ்ந்தபோது அதை விடாமல் பற்றிக்கொண்டவர்களே ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அவர் வரலாற்றின் மையம். சேரியில் இருப்பவன் பாவம் செய்து அங்கே பிறந்தவன் அல்லன், தோற்றுப்போன ஓர் அறத்தைக் கைவிடாமல் காத்தவன். முற்பிறப்பு வினை என்று சொல்லி வாயடைக்க இனி முடியாது.

புத்தரை அவர் வணங்கியது வரம் கேட்க அல்ல. பொய், களவு, கொலை, காமம், கள் இவற்றை நீக்குவதே பூஜை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அதன் பகுதி. ரயிலையும் தந்தியையும் மின்சாரத்தையும் கொண்டுவந்த வித்தையை அவர் மெச்சினார். மந்திரம் ஜெபித்து ரயில் ஓடவில்லை, ஆராய்ந்து பார்த்ததால் ஓடியது, புத்தரும் ஆராய்ந்து பார் என்றுதான் சொன்னார் என்பது அவர் வாதத்தின் போக்கு.

குறையும் உண்டு. வெள்ளைக்கார சர்க்காரை அவர் அளவுக்கு மேல் நம்பினார். சுதேசியைச் சந்தேகத்தோடு பார்த்தார். தம் மக்களின் பழம் பெருமையை நிலைநாட்டும் வேகத்தில், அவர்களைப் போலவே மிதிக்கப்பட்ட வேறு சில ஜாதியாரைத் தாழ்த்தி எழுதிய இடங்களும் இருக்கின்றன. ஜாதியே பொய் என்று சொன்னவர் பேனாவில் இது வந்திருக்கக்கூடாது. அவரைக் கொண்டாடுகிறவர்களிலேயே பலர் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

ஒரு பைசாத் தமிழன்

1907 ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம். விலை பெயரிலேயே இருக்கிறது. பெரிய மனிதர் பத்திரிகைகள் அணாக் கணக்கில் விற்ற நாளில், கூலிக்காரன் மடியிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய காசையே அவர் பத்திரிகையின் பெயராக்கினார். 1908 ஆகஸ்ட் 26 முதல் 'தமிழன்' என்று மட்டும் ஆயிற்று.

தமிழன் என்ற சொல் அந்நாளில் இத்தனை சாதாரணமாகப் புழங்கவில்லை. முதலியார், பிள்ளை, நாயுடு என்று ஜாதியைச் சொல்லியே ஒருவரை அடையாளம் காட்டினார்கள். ஜாதி சொல்லத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பத்திரிகை அந்தப் பொதுப் பெயரைத் தன் தலையில் எழுதிக்கொண்டது. ஜாதி வைத்திருப்பவன் தமிழன் ஆகான் என்பது பண்டிதர் கொண்ட பொருள்.

பத்திரிகையில் எல்லாம் இருக்கும். புத்தர் சரித்திரம், இந்திரர் தேச சரித்திரம், குறளுக்கு உரை, மழை நிலவரம், விவசாயம், வைத்தியக் குறிப்பு, சர்க்கார் உத்தரவு, வெளியூர்ச் சங்கங்களின் செய்தி, வாசகர் கேள்விக்குப் பதில். 1912-ல் வந்த 'புத்தரது ஆதிவேதம்' அவருடைய பெரிய நூல். இத்தனைக்கும் நடுவில் நோயாளிகளையும் பார்த்தார்.

ராயப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம்

சங்கத்தின் கிளைகள் பரவிய வழி கவனிக்கத்தக்கது. திருப்பத்தூர், பெங்களூர், கோலார் தங்கவயல், ஹூப்ளி, செகந்திராபாத், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நெட்டால். இது பிக்குகள் நடந்த பாதை அன்று. பிழைக்கப் போன தமிழன் நடந்த பாதை. பட்டாளம் எங்கே போயிற்றோ, ரயில் எங்கே போட்டார்களோ, சுரங்கம் எங்கே வெட்டினார்களோ, அங்கெல்லாம் சாக்கிய சங்கம் முளைத்தது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1809-ல் பெங்களூரில் தண்டு ஏற்பட்டதும் தமிழ்நாட்டிலிருந்து சிப்பாயும் சமையற்காரனும் குதிரைக்காரனும் கொத்தனும் குடும்பத்தோடு வந்து அலசூர்ப் பக்கம் குடியேறினார்கள். பண்டிதரின் பாட்டனாரைப் போன்ற பட்லர்கள் தெருத் தெருவாக இருந்தார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்தது. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு மிராசுதார் கிடையாது. மாதம் பிறந்தால் சம்பளம், கையில் ரொக்கம். ஊரில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தவன் இங்கே சங்கு ஊதினால் வேலைக்குப் போகிறான், வருகிறான். ஆனால் சம்பளம் மட்டும் மனிதனை நிமிர்த்திவிடாது. லீவுக்கு ஊருக்குப் போனால் பழைய பெயர் அங்கே காத்திருக்கும். கையில் காசு வந்த பிறகும் நாம் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இருந்தவனிடம்தான் பண்டிதரின் பத்திரிகை வந்து சேர்ந்தது.

மாரிகுப்பத்தில் எம்.ஒய். முருகேசரும் நண்பர்களும் சங்கத்தை வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு. கல்யாணமும் சாவும் புரோகிதர் இல்லாமல் பஞ்சசீலம் சொல்லி நடந்தன. பிள்ளைகளுக்குப் படிப்பு. குடியை விடு என்ற பிரசாரம். சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வந்தவன் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்தான். மேடையில் பேசுகிறவனும் அவனோடு நேற்றுச் சுரங்கத்தில் இறங்கியவன்தான். சென்னையில் சங்கம் பணத்துக்குத் திண்டாடியபோது தங்கவயல் சந்தாவும் நன்கொடையும் கைகொடுத்தன. பூமிக்கடியில் உழைத்தவன் வியர்வைக் காசில் ஒரு பங்கு அச்சு மையாக மாறியது.

பெங்களூர்க் கிளைக்கும் அறிவாளிகள் துணை இருந்தது. சென்னையில் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு, பௌத்தத்தின் சாரத்தை விளக்கி 1907-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதை 1948-ல் மறுபதிப்புச் செய்தவர் டாக்டர் அம்பேத்கர். நரசுவுக்கும் பண்டிதருக்கும் கருத்து வேற்றுமை உண்டு. நரசுவின் பௌத்தம் பகுத்தறிவை மட்டும் நம்பியது. பண்டிதருக்கோ பாட்டன் ஓலையும் ஊர்ப் பண்டிகையும் இல்லாமல் பௌத்தம் இல்லை. படித்தவர் மெச்சியது நரசுவை. கூலிக்காரன் மனத்தில் இறங்கியது பண்டிதர்.

பண்டிதருக்குப் பின்

1914 மே 5-ல் பண்டிதர் காலமானார். வயது 69 நிறையவில்லை. மகன் பட்டாபிராமன் பத்திரிகையைச் சிறிது காலம் நடத்திப் பார்த்தார். பிறகு நின்றது.

நின்ற பத்திரிகை மீண்டும் உயிர் பெற்றது சென்னையில் அன்று. 1926-ல் தங்கவயலில், சாம்பியன் ரீப்பில், ஜி. அப்பாதுரையார் 'தமிழனை' மறுபடி தொடங்கினார். 1930-களின் நடு வரை அது வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் அங்கே இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். திருப்பத்தூர் பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். சுயமரியாதை இயக்கம் தங்கவயலுக்கு வந்தபோது நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது.

அதற்குப் பின் நெடுங்காலம் பண்டிதரின் பெயர் வெளியே கேட்கவில்லை. தமிழ் இதழியல் வரலாறு எழுதியவர்களும் சமூகச் சீர்திருத்தம் பேசியவர்களும் அவரைத் தாண்டிப் போனார்கள். மக்கிப் போகும் நிலையில் இருந்த பழைய 'தமிழன்' இதழ்களைத் தங்கவயலிலும் வேறு ஊர்களிலும் சில குடும்பங்கள் பெட்டியில் போட்டு வைத்திருந்தன. அந்த இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. 2005-ல் தபால் தலை வெளியாயிற்று. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023 டிசம்பர் 1-ல் சென்னை கிண்டியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. நீலகிரியில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறிய அதே டிசம்பர் முதல் தேதி.

மணிமண்டபத்துக்கு வெகுகாலம் முன்பே அவருக்குத் தங்கவயலில் வீடுகள் இருந்தன. சுரங்கக் குடியிருப்பின் தாழ்ந்த கூரைக்குக் கீழே, தகரப் பெட்டியில், பள்ளிச் சான்றிதழோடும் பி.எப். காகிதத்தோடும் சேர்த்து மடித்து வைத்திருந்தார்கள் 'தமிழன்' தாள்களை.